உகர வரிசையும் ஒற்றைக்கொம்பும்: தமிழ் எழுத்தறிவின் தொடக்கநிலை இடர்கள்

குழந்தைகள் தமிழ் எழுதப் படிக்கத் தாமதமாகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், நெடுங்கணக்கின் 247 எழுத்துகள் மீதே பழி விழுகிறது. இது பிழையான கணிப்பு. உயிர்மெய் 216இல் அகர வரிசையின் 18 எழுத்துகளைக் கற்ற பிள்ளைக்கு, ஆ, இ, ஈ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஒன்பது வரிசைகளின் 162 எழுத்துகள் ஒன்பது குறிகளுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகின்றன. அடங்க மறுப்பவை உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகள். சுமை இங்கேயும், கொம்பு நிற்கும் இடத்திலுமே உள்ளது.

பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகள் தனி வடிவம் இழந்து பொதுக்குறிக்குள் வந்தன. கற்போருக்கு அது பெரும் நன்மை. ஆனால் அச்சீர்திருத்தம் உகர, ஊகாரங்களைத் தொடவில்லை. இனி அவற்றை மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அச்சிலும் கணினியிலும் வேரூன்றிய வடிவங்களைக் கலைப்பதால் வரும் குழப்பம் பயனைவிடப் பெரிது. மாற வேண்டியது கற்பிக்கும் வரிசை.

‘க, கா, கி, கீ, கு, கூ’ என்ற வாய்ப்பாடு ஒலிமுறைப்படி அமைந்தது. செவிக்கு அது சிறந்த ஒழுங்கு, கண்ணுக்கு அப்படியன்று. முதல் மெய்யான ககரத்திலேயே பிள்ளை ‘கூ’வைச் சந்திக்கிறது. அவ்வடிவம் வேறெந்த மெய்யிலும் திரும்ப வருவதில்லை. பாடுபட்டுக் கற்ற ஒன்று அடுத்த எழுத்துக்கு உதவாதபோது, எழுத்துகளுக்குள் ஒழுங்கே இல்லை என்ற எண்ணம் தொடக்கத்திலேயே படிந்துவிடுகிறது. உண்மையில் ஒழுங்கு உண்டு. சு, பு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்குகிறது. து, நு, லு, னு ஆகியவற்றில் கீற்று மேலேறி நிற்கிறது. இந்த இரண்டாம் குடும்பத்தை அறிந்தவர், அந்தக் கீற்றோடு ஒரு கால் சேர்த்துத் தூ, நூ, லூ, னூ எழுதிவிடலாம். குடும்பம் குடும்பமாகக் கற்பித்தால் 36 தனி வடிவங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கும்.

கொம்பின் சிக்கல் வேறுவகை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. எழுத்திலோ ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் மெய்க்கு முன் நிற்கின்றன. ‘தேன்’ என்று சொல்வதெழுதுதல் கொடுத்துப் பாருங்கள். காதில் முதலில் விழும் தகரத்தைப் பிள்ளை எழுதிவிடும். பிறகு இடப்பக்கம் மீந்த சிறு இடத்தில் இரட்டைக்கொம்பை நெருக்கிச் செருகும். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது அநியாயம். ஒலியைச் சரியாகப் பிரித்தறிந்த பிள்ளைதான் இப்படி எழுதும். ஒகர, ஓகாரங்களில் ஒரே உயிர் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்பதால் இடர் இரட்டிப்பாகிறது. ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போலவே இருப்பதும் வாசிப்பவரை இடறுகிறது.

ஆங்கில வகுப்பறையின் ஒலிப்பிரிப்பு முறையைத் தமிழுக்கும் கொண்டுவந்து ‘க் + அ = க’ என்று தொடங்குவோர் உண்டு. இலக்கணத்துக்கு அது பொருந்தும். ஐந்து வயதுப் பிள்ளையின் செவிக்குக் ‘க’ ஒரே அசை. கன்னடம் கற்கும் குழந்தைகளைப் பற்றிய சோனாலி நாகின் ஆய்வு, இந்திய எழுத்துமுறையில் எழுத்தறிவு முதல் ஓரிரு வகுப்புகளில் முடிந்துவிடாமல் மேல் வகுப்புகள் வரை நீள்வதையும், தனி ஒலியன்களைப் பிரித்துணரும் திறன் மெதுவாகவே வளர்வதையும் காட்டியது. தமிழில் மெய்யெழுத்துகள் கூட்டெழுத்தாகக் குவிவதில்லை, புள்ளியே போதும். அந்த வகையில் நம் பிள்ளைகளின் பாதை எளிது. ஆயினும் முதல் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் ஒப்பிக்க வேண்டும் என்ற அவசரம் பல பள்ளிகளில் தொடர்கிறது.

பாடநூல் எழுதுவோரிடம் வேண்டுவது இதுதான்: வாய்ப்பாட்டை வாய்க்கு விட்டுவிடுங்கள். எழுத்துப் பயிற்சியில் காலும், இகர, ஈகாரக் குறிகளான விலங்கும் முதலில் வரட்டும். கொம்பு அடுத்து, தனிப் பயிற்சியோடு வரட்டும். உகர, ஊகாரங்களைக் குடும்பங்களாகப் பிரித்து இரண்டாம் வகுப்பு வரை பரவவிடுங்கள்.