பழைய நூல் வணிகத்தில் இணையம்: அருமை, விலை, நம்பகம்

முன்னுரை

பழைய நூலொன்றின் விலையை அதன் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை படிகள் எஞ்சியுள்ளன, எத்தனை பேர் அவற்றை நாடுகின்றனர், வைத்திருப்பவரும் நாடுபவரும் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டடைகின்றனர் ஆகிய மூன்றும் சேர்ந்தே விலையை அமைக்கின்றன. இவற்றுள் மூன்றாவதையே இணையம் பெரிதும் மாற்றியது. ஆங்கில நூல் வணிகத்தில் நிகழ்ந்த அம்மாற்றத்தையும், அதனால் வாங்குவோர் பெற்றதையும் இழந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வார இதழ்க் காலம்

அமெரிக்காவில் 1948இல் தொடங்கப்பெற்ற வணிக இதழொன்று பின்னாளில் 'ஏபி புக்மேன்ஸ் வீக்லி' என அறியப்பட்டது. வணிகர்கள் தமக்கு வேண்டிய நூல்களின் பட்டியலை அதில் விளம்பரமாக வெளியிட்டனர். அந்நூல்களை வைத்திருந்த பிற வணிகர்கள் விலையையும் நூலின் நிலையையும் குறித்து அஞ்சலில் விடையளித்தனர். இத்தேடல் வாரக்கணக்கில் நீண்டது. வாசகருக்கு இவ்வலைப்பின்னல் பெரும்பாலும் வணிகர் வழியாகவே எட்டியது. ஆகவே நூலின் விலையில் தேடலுக்கான கூலியும் அடங்கியிருந்தது.

இணையப் பட்டியல்களின் தோற்றம்

1990களின் முற்பகுதியில் ரிச்சர்ட் வெதர்ஃபோர்டு உருவாக்கிய 'இன்டர்லாக்', வணிகர்களின் இருப்புப் பட்டியல்களைக் கணினி வழியே இணைத்தது. அதன் தொடர்ச்சியாகவே 'அலிப்ரிஸ்' தோன்றியது. கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து 1996இல் 'ஏப்புக்ஸ்' தளம் செயற்படத் தொடங்கியது. பல நாட்டு வணிகர்களின் இருப்பை வாசகரே ஒரே இடத்தில் தேடும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1999ஆம் ஆண்டின் இறுதியில் 'ஏபி புக்மேன்ஸ் வீக்லி' நின்றுபோயிற்று.

இதனால் வெளிப்பட்ட உண்மை ஒன்றுண்டு. அரியவை எனக் கருதப்பட்ட பல நூல்கள் கிடைத்தற்கரியனவாக இருக்கவில்லை, கண்டறிதற்கரியனவாகவே இருந்தன. ஒரே நூலின் பல படிகள் அடுத்தடுத்துத் திரையில் தோன்றியபோது அவற்றின் விலை சரிந்தது. உண்மையாகவே சில படிகள் மட்டும் எஞ்சிய நூல்களோ தம் மதிப்பை இழக்கவில்லை.

விலையும் கணிப்பொறியும்

விலையிடும் பணி மென்பொருளிடம் சென்றபோது புதுச் சிக்கல் எழுந்தது. பீட்டர் லாரன்ஸ் எழுதி 1992இல் வெளிவந்த 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை' என்னும் உயிரியல் நூலின் விலை, அமேசான் தளத்தில் 2011 ஏப்ரலில் 2.3 கோடி டாலரைத் தாண்டியது. விற்பனையாளர் இருவருள் ஒருவர் மற்றவரின் விலையைவிடச் சற்றுக் குறைவாகவும், மற்றவர் முன்னவரின் விலையைப்போல் ஏறத்தாழ 1.27 மடங்காகவும் தானியங்கி முறையில் விலையிட்டு வந்தமையே இதற்குக் காரணம். திரையில் காணும் விலை, எவரேனும் கொடுத்த விலையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

விவரணையும் நம்பகமும்

கடையில் வாங்குவோர் நூலைப் புரட்டிப் பார்ப்பர். இணையத்தில் வாங்குவோர் விற்பவரின் சொற்களையும் படங்களையும் நம்புவர். முதற்பதிப்பா மறு அச்சா, மேலுறை மூலமானதா பின்னர் சேர்க்கப்பட்டதா, ஏடுகள் முழுமையாக உள்ளனவா என்பன விலையைப் பன்மடங்கு மாற்றக்கூடியவை. பன்னாட்டுத் தரப்புத்தக எண் 1970ஆம் ஆண்டளவில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட நூல்களுக்கு அவ்வெண் இல்லை. பதிப்பக முகவரி, அச்சக விவரம், பக்க எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டே அவற்றின் பதிப்பை உறுதிசெய்ய வேண்டும். தேவைக்கேற்ப அச்சிடப்படும் மறுபதிப்புகள் மூல நூலின் ஆண்டுடனேயே பட்டியலிடப்படுவதும் உண்டு. எனவே தேடல் எளிதானபோது தேர்வு அரிதாயிற்று.

ஒருமுகப்படுதலும் எதிர்ப்பும்

2008இல் ஏப்புக்ஸ் நிறுவனத்தை அமேசான் வாங்கியது. 2018 நவம்பரில், செக் குடியரசு, ஹங்கேரி, தென்கொரியா, ரஷ்யா முதலிய நாடுகளின் விற்பனையாளர்களை விலக்க ஏப்புக்ஸ் முற்பட்டது. அதனை எதிர்த்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் வணிகர்கள் நூற்றுக்கணக்கில் தம் நூல்களைத் தளத்திலிருந்து தற்காலிகமாக விலக்கினர். சில நாள்களில் நிறுவனம் இறங்கிவந்தது. நூல்கள் வணிகர்களிடம் இருப்பினும் அவற்றை வாசகர் காணும் வாயில் பிறிதொருவர் கையில் இருப்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

முடிவுரை

இணையம் பழைய நூல்களின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. அவற்றைக் காணும் வழியை அகலமாக்கியது. தேடலுக்கான கூலி குறைந்தது; சரிபார்க்கும் பொறுப்போ வணிகரிடமிருந்து வாசகரை நோக்கி நகர்ந்தது. நூலியல் அறிவு இன்று அறிஞர்க்கு மட்டுமன்றி, நூல் வாங்குவோர் அனைவர்க்கும் வேண்டுவதாயிற்று.