வெப்பமண்டல அல்லி

வெப்பமண்டல அல்லி என்பது நிம்பேயா பேரினத்தைச் சேர்ந்த, உறைபனியைத் தாங்க இயலாத அல்லி இனங்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் தோட்டக்கலையில் வழங்கப்படும் பொதுப்பெயர் ஆகும். இவற்றின் தாயகம் ஆசியா, ஆப்பிரிக்கா, ஆசுத்திரேலியா, நடு மற்றும் தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வெப்பமான நீர்நிலைகள் ஆகும். நீல நிறப் பூக்களுக்காகவும் மணத்துக்காகவும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவை விரும்பி வளர்க்கப்படுகின்றன. அங்கு குளிர்காலத்தைக் கடக்கச் செய்வதே இவற்றின் வளர்ப்பில் கடினமான பகுதியாகும்.

வகைப்பாடு

நிம்பேயா பேரினம் ஐந்து துணைப்பேரினங்களாகப் பிரிக்கப்படுகின்றது. அவற்றுள் நிம்பேயா என்னும் துணைப்பேரினம் குளிர்தாங்கும் அல்லிகளைக் கொண்டது. ஏனைய நான்கும் வெப்பமண்டலத்துக்கு உரியவை.

- பிராக்கிசெராசு: பகலில் பூப்பவை. நீலோற்பலம் (நிம்பேயா நௌசாலி) இதில் அடங்கும். இதுவே 1986 ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது.
- அனெக்பியா: பகலில் பூப்பவை. ஆசுத்திரேலியப் பகுதிக்குரிய பெரிய பூக்கள் கொண்டவை.
- லோட்டோசு: இரவில் பூப்பவை. தமிழ்நாட்டுக் குளங்களில் காணப்படும் ஆம்பல் (நிம்பேயா பியூபெசென்சு) இவ்வகையைச் சேர்ந்தது.
- ஐதரோகாலிசு: இரவில் பூக்கும் அமெரிக்க இனங்கள்.

தாமரை தோற்றத்தில் அல்லியை ஒத்திருப்பினும், அது நெலும்போ என்னும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை.

குளிர்தாங்கும் அல்லியிலிருந்து வேறுபாடுகள்

குளிர்தாங்கும் அல்லி தடித்த மட்டத்தண்டிலிருந்து வளர்கின்றது. வெப்பமண்டல அல்லி பெரும்பாலும் நிலைக்குத்தாக அமைந்த கிழங்கிலிருந்து வளர்கின்றது. முன்னதன் இலை விளிம்பு பொதுவாக மழமழப்பானது. பின்னதன் இலை விளிம்பு பல இனங்களில் அலை போன்றோ பற்கள் போன்றோ இருக்கும். வெப்பமண்டல அல்லியின் பூக்கள் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்த காம்புகளில் நிற்கின்றன.

ஒரு பூ பொதுவாக மூன்று அல்லது நான்கு நாட்கள் விரிந்து மூடும். முதல் நாளில் பூ பெண் நிலையில் இருக்கும். அதன் நடுவிலுள்ள கிண்ணத்தில் திரவம் நிறைந்திருக்கும். மகரந்தம் அடுத்த நாளிலிருந்து வெளிப்படும். எனவே முதல் நாள் பூவுக்கு வேறொரு பூவின் மகரந்தமே தேவைப்படுகின்றது.

வளர்ப்பு முறை

நீரின் வெப்பநிலை 21° செல்சியசுக்குக் குறையாத நிலை ஏற்பட்ட பின்னரே நட வேண்டும். காற்று சூடாக இருப்பது போதாது; நீர் காற்றைவிட மெதுவாகவே சூடாகும். குளிர்ந்த நீரில் இடப்பட்ட செடி வளர்ச்சியை நிறுத்தி உறங்குநிலைக்குச் சென்றுவிடும். சில வேளைகளில் அழுகி இறந்துவிடும்.

ஆழத்தைவிட அகலம் மிகுந்த தொட்டி ஏற்றது. களிப்பாங்கான தோட்டமண்ணே சிறந்தது. மட்கு உரம், தென்னை நார்க்கழிவு போன்ற இலேசான பொருட்கள் மிதந்து நீரைக் கெடுக்கும். செடியின் குருத்து மண்ணில் புதையாதவாறு நட்டு, முதலில் குருத்துக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. நீர் நிற்கச் செய்து, இலைகள் பெருகியபின் படிப்படியாக ஆழத்தைக் கூட்டலாம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணிநேர நேரடி வெயில் தேவை. அல்லி மிகுதியாக உணவு கொள்ளும் செடியாதலால், வளரும் காலத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை உரவில்லைகளை மண்ணுள் ஆழமாகச் செருகுவர். உரம் நீரில் கரைந்தால் பாசியே பெருகும்.

உறங்குநிலை

வெப்பமண்டலத்தில் குளிர்காலம் இல்லாதபோது இச்செடி ஏன் உறங்கும் கிழங்கை உண்டாக்குகின்றது என்ற கேள்வி எழலாம். அதற்கு விடை வறட்சியாகும். மழையை நம்பிய குளங்கள் கோடையில் வற்றும்போது, இலைகள் அழிந்து கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உயிருடன் தங்குகின்றது. மீண்டும் நீர் வந்ததும் துளிர்க்கின்றது. குளம் வற்றினும் அதை விட்டு நீங்காத ஆம்பலை உண்மையான உறவினருக்கு ஒப்பிடும் ஔவையாரின் மூதுரைப் பாடல் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் வறட்சிக்காக உருவான இவ்வியல்பைக் குளிருக்குப் பயன்படுத்துகின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெதுவெதுப்பான சேற்றில் மாதக்கணக்கில் வாழும் கிழங்கு, உறைந்த சேற்றில் உயிர் பிழைப்பதில்லை.

குளிர்காலத்தில் பேணுதல்

1. கோடையின் இறுதியில் உரமிடுதலை நிறுத்த வேண்டும். பகல்பொழுது குறைவதும் உணவு குறைவதும் கிழங்கு உருவாவதைத் தூண்டுகின்றன.
2. முதல் உறைபனிகளால் மேலுள்ள இலைகள் கருகியபின் தொட்டியை வெளியே எடுக்க வேண்டும். மிக முன்னதாக எடுத்தால் கிழங்கு முதிர்ந்திராது. நீர் உறையும்வரை விட்டால் கிழங்கு அழியும்.
3. மண்ணைக் கழுவினால் குருத்தின் அடியில் வாதுமைக்கொட்டை அளவிலான சிறு கிழங்குகள் காணப்படும். கெட்டியானவற்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அழுத்தினால் நசுங்குபவையும் நாற்றமடிப்பவையும் பயன்படா.
4. வேர், இலைக்காம்பு ஆகியவற்றின் எச்சங்களை நீக்கி, சில நாட்கள் தூய நீரில் இட்டு, நீரை மாற்றி வர வேண்டும். ஒட்டியிருக்கும் இழையங்கள் பின்னர் அழுகலைத் தொடக்கும்.
5. ஈரமான மணலில், மூடிய புட்டியிலோ நெகிழிப் பையிலோ இட்டு, 10° முதல் 15° செல்சியசு வெப்பநிலையில் இருளில் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் உட்புறம் இதற்கு மிகவும் குளிர்ந்தது.
6. மாதம் ஒருமுறை பார்த்து, அழுகியவற்றை அகற்ற வேண்டும். மணல் முற்றிலும் உலர்ந்துவிடக் கூடாது.

கிழங்கு எடுக்காமல், செயற்கை ஒளியும் சூடேற்றியும் கொண்ட மீன்தொட்டியிலோ கண்ணாடி வீட்டிலோ முழுச் செடியாகவே வைத்திருப்பதும் உண்டு. நிம்பேயா மைக்ராந்தா என்னும் ஆப்பிரிக்க இனத்திலிருந்து வந்த சில வகைகளில், இலையும் காம்பும் சேருமிடத்தில் சிறு நாற்றுகள் தோன்றும். இவற்றையும் மீன்தொட்டியில் வளர்த்துக் காக்கலாம்.

மீண்டும் துளிர்க்கச் செய்தல்

வெளியே நடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், கிழங்குகள் 21° முதல் 27° செல்சியசு வெப்பமுள்ள நீரில் ஒளிபடுமாறு இடப்படுகின்றன. கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு எழுந்து, அதன் நுனியில் இலைகளும் வேர்களும் கொண்ட இளஞ்செடி உருவாகும். அதைப் பிரித்துச் சிறு தொட்டியில் நடலாம். பிரித்த பின்னும் கிழங்கு மீண்டும் துளிர்க்கக்கூடும். எனவே ஒரே கிழங்கிலிருந்து பல செடிகளைப் பெறலாம்.

கலப்பினங்கள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரிலுள்ள மிசூரி தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய சியார்ச் பிரிங் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். 1920இல் இளஞ்சிவப்பு நிறமுடைய 'செனரல் பெர்சிங்' வகையையும், 1932இல் மஞ்சள் நிறமுடைய 'செயின்ட் லூயிசு' வகையையும் அவர் உருவாக்கினார். பல கலப்பினங்கள் விதை தருவதில்லை. தந்தாலும் விதையிலிருந்து அதே வகை கிடைப்பதில்லை. ஆகையால் கிழங்கு முதலிய உடலப் பகுதிகள் அழிந்தால் அவ்வகையே மறைந்துவிடும்.

காப்பு

உலகின் மிகச்சிறிய அல்லியான நிம்பேயா தெர்மாரம், 1987இல் ருவாண்டாவின் ஒரு வெந்நீரூற்றின் ஓரத்தில் எபெரார்ட் பிசரால் கண்டறியப்பட்டது. ஊற்றுநீர் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டதால், 2008 அளவில் அது இயற்கையில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. செருமனியின் பான் தாவரவியல் பூங்காவில் எஞ்சியிருந்தவற்றின் விதைகள் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு நீரில் மூழ்கிய நாற்றுகள் வளராமல் இறந்தன. இவ்வினத்துக்குக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு தேவை என்பதை உணர்ந்த கார்லோசு மக்தலேனா, ஈரமண்ணில் நீர்மட்டத்தை ஒட்டி வளர்த்து 2009இல் வெற்றி கண்டார். 2014 சனவரியில் கியூவிலிருந்து ஒரு செடி திருடப்பட்டது. 2023இல் இவ்வினம் ருவாண்டாவில் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.