நொய்யலும் நைஜரும்

டிம்பக்டு என்ற பெயரைக் கேட்டதும் ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் தங்கத்தைக் கனவு கண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், நைஜர் ஆற்றுக்குச் சற்று வடக்கே இருக்கும் ஊர் அது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வருகிறவனுக்குப் பத்தாயிரம் பிராங்க் பரிசு தருவதாகப் பாரிஸ் பூகோள சங்கம் அறிவித்தது. 1828-இல் ரெனே காயே என்ற பிரெஞ்சுக்காரர் அராபியர் வேஷத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் கண்டது களிமண் வீடுகளும் மணலும்தான். மனம் சோர்ந்து போனார். ஊர் திரும்பியபின் பரிசு மட்டும் கிடைத்தது.

ஆனால் அந்தக் களிமண் வீடுகளுக்குள்ளே பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. வானசாஸ்திரம், வைத்தியம், சட்டம், சமயம் என்று பல நூற்றாண்டுகளின் படிப்பு அவற்றில் அடங்கியிருந்தது. வழிப்போக்கனின் கண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ஊர் பார்க்கப் போகிறவனுக்குக் கண் மட்டும் போதாது; பக்கத்தில் நின்று விவரம் சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

பின்னாட்களில் அந்த ஆட்கள் கிடைத்தார்கள். 2012-இல் கலகம் மூளுவதற்கு முன்பு, வெளிநாட்டுப் பிரயாணிகளை வழிகாட்டிகள் கூட்டிச் சென்று நைஜர்க் கரையையும் பாலைவன ஊர்களையும் காட்டி வந்தார்கள். ஜென்னே நகரத்துப் பெரிய மசூதி முழுவதும் களிமண்ணால் ஆனது. இன்றைய கட்டடம் 1907-இல் எழுந்தது. மழையில் மண் கரையாமல் இருக்க ஆண்டுதோறும் ஊரே திரண்டு அதற்குப் புதுப் பூச்சுப் பூசும். பிரயாணிகள் வாய் பிளந்து பார்த்த காட்சிகளில் அது ஒன்று.

நான் ஆப்பிரிக்கா போனவன் அல்லன். கோயமுத்தூர்க்காரன். நைஜரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் புத்தகங்களின் தயவுதான். ஆனால் படிக்கப் படிக்க நம்முடைய நொய்யல்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நைஜரின் நீளம் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நொய்யலோ இருநூறைத் தொடாது. யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒப்பிடுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள்.

நைஜர் ஒரு விசித்திரமான ஆறு. கினி நாட்டு மலைகளில், அட்லாண்டிக் கடலுக்குச் சில நூறு கிலோமீட்டர் தூரத்திலேயே பிறக்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு வடகிழக்கே பாலைவனத்தை நோக்கி ஓடுகிறது. நொய்யலும் அப்படித்தான். வெள்ளியங்கிரியில் பிறந்து, அருகில் உள்ள மேல்கடலை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பி, மலை மறைத்து மழை குறைந்த கொங்கு நாட்டின் நடுவே ஓடிக் காவிரியில் கலக்கிறது. இரண்டும் வறண்ட நிலத்துக்கு என்றே பிறந்த ஆறுகள்.

வறண்ட நிலமும் ஆறும் சந்திக்கும் இடத்தில் தோன்றும் ஊர், விளைச்சலை மட்டும் நம்பி வாழ முடியாது. வழியை நம்பியும் கைத்தொழிலை நம்பியும்தான் வாழ வேண்டும். டிம்பக்டுவுக்கு வடக்கேயிருந்து ஒட்டகத்தில் உப்பு வந்தது. தெற்கேயிருந்து ஓடத்தில் தானியமும் தங்கமும் வந்தன. ஒட்டகமும் ஓடமும் சந்தித்த இடம் நகரமாயிற்று.

அந்த உப்பு வழியில் நடந்து பார்த்து எழுதியவர் இபின் பதூதா. 1352-இல் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு, இருபத்தைந்து நாள் பிரயாணத்தில் தகாஸா என்ற உப்புச் சுரங்கத்தை அடைந்தார். அங்கே வீடும் மசூதியும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரை ஒட்டகத் தோல். மரம் ஒன்றுகூட இல்லை. உப்பு வெட்டும் அடிமைகளைத் தவிர அங்கே குடியிருப்பவர் எவரும் இல்லை. அதற்கப்பால் கொடிய பாலை. வணிகக் கூட்டம் ஓர் ஆளைக் கூலிக்குப் பிடித்து முன்னால் அனுப்பும். அவன் தன்னந்தனியாக அடுத்த ஊருக்குப் போய்க் கடிதம் கொடுத்தால், அங்கிருந்து நான்கு நாள் தூரம் தண்ணீர் சுமந்து வந்து எதிர்கொள்வார்கள். அவன் வழியில் செத்தால் கூட்டமே சாக வேண்டியதுதான். இபின் பதூதாவின் கூட்டத்துக்கு வாய்த்த வழிகாட்டிக்கு ஒரு கண் குருடு, மற்றொன்றிலும் நோய். ஆனாலும் அந்த வழியை அவனைப்போல அறிந்தவர் இல்லை என்று எழுதுகிறார்.

இந்த மனிதர் நமக்கும் அந்நியர் அல்லர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு சோழமண்டலக் கரையில் வந்து ஒதுங்கி, மதுரை சுல்தானிடம் தங்கியிருந்தவர். சுல்தானின் மனைவியும் இவருடைய மனைவியும் அக்காள் தங்கைகள். மலையாளக் கரையையும் நன்கு அறிந்தவர். மதுரையைப் பார்த்த கண்கள் நைஜரையும் பார்த்திருக்கின்றன.

நம் பக்கத்திலும் உப்பு வழி உண்டு. கடற்கரை உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர்களைச் சங்கப் புலவர்கள் விடாமல் பாடியிருக்கிறார்கள். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். வழியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இந்த முன்யோசனை இல்லாமல் தீராது.

இனி உங்களை நம் வழியில் அழைத்துப் போகிறேன். மேற்கு மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. முசிறித் துறையில் இறங்கிய யவனர் பொருளும், இங்கிருந்து போன பொருளும் நுழைய அதுதான் வாசல். வாசலைத் தாண்டியதும் சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் ஒரு சாசனம் இருக்கிறது. சோழர் காலத்தது. ‘ராஜகேசரிப் பெருவழி’ என்று பாதையின் பெயரைச் சொல்கிறது. அதைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக இரு முறை வெட்டியிருக்கிறார்கள். கிழக்கே இருந்து வருகிறவனுக்கு ஓர் எழுத்து. மேற்கே இருந்து வருகிறவனுக்கு ஓர் எழுத்து. இந்தக் காலத்துச் சாலைப் பலகைகளுக்கு அதைப் பாட்டன் என்றே சொல்லலாம்.

அடுத்து வெள்ளலூர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கோயமுத்தூர்க்காரருக்கு மாநகரத்துக் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். ஆனால் 1842-இல் அங்கே ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் மண்ணிலிருந்து கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு சக்கரவர்த்திகளின் காசுகள். பிறகும் இரண்டு முறை அதே ஊரில் காசுப் புதையல் கிடைத்தது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமாபுரிப் பிளினி அங்கலாய்த்தார். அவர் அங்கலாய்த்த பணத்தில் ஒரு சிறு துளி நம் வெள்ளலூரில் வந்து விழுந்திருக்கிறது!

பணம் போகும் வழியில் கள்ளனும் இருப்பான். அவிநாசிக்கு அருகில் உள்ள திருமுருகன்பூண்டிக்கு வாருங்கள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் மணியுமாகச் சுந்தரமூர்த்தி நாயனார் கொடுங்கோளூரிலிருந்து திரும்பும்போது, வேடர் உருவில் வந்த சிவகணங்கள் அத்தனையையும் பறித்துக்கொண்டன என்பது புராணம். வழிப்பறிக்காரர் நிறைந்த இந்த ஊரில் உமக்கு என்ன வேலை என்று சாமியையே அவர் கேட்டுப் பாடினார். புராணத்தைப் பக்தியோடு படிப்பவர் படிக்கட்டும். அந்தப் பாட்டு ஒரு வர்த்தகப் பாதையின் ஆபத்தைச் சொல்கிறது என்பதும் உண்மைதான்.

யவனர் இத்தனை தூரம் பணத்தை அனுப்பியது எதற்காக? காங்கயத்துக்கு அருகே படியூர் என்று ஓர் ஊர். கடல்நீரின் நிறத்தில் கண்ணாடிபோல் துலங்கும் ஒரு கல் அங்கே கிடைத்தது. பெரில் என்பார்கள். அந்தப் பெயரே நம் நாட்டுப் பிராகிருதச் சொல் ஒன்றிலிருந்து போனதாக மொழியறிஞர் கூறுவர். ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் ‘பிரில்லே’ என்ற பெயரும் இதன் பேரன்தான். உயர்ந்த பெரில் இந்தியாவிலன்றி வேறிடத்தில் கிடைப்பது அரிது என்று பிளினி எழுதிவைத்தார். 1819-20-இல்கூட ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் அந்தக் கல்லை வெட்டி எடுத்திருக்கிறார்.

கல்லைப் பட்டை தீட்டிய ஊர் கொடுமணல். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் ‘கொடுமணம்’ என்று அதன் அணிகலன்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தார்கள். பின்பு மற்றவர்களும் தொடர்ந்தார்கள். பெரில், பளிங்கு, நீலம், சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. அறுத்தது, அறுபடாதது, துளையிடும்போது உடைந்தது என்று ஒரு பட்டறையின் தரை முழுவதும் கண்முன் வந்தது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் இருந்தன. நூல் நூற்ற தக்களியின் மண் வில்லைகள் இருந்தன. சூதுபவளக் கல் குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே கல்லறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள்!

நான் போனபோது காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மணி பொறுக்க வந்தீங்களா?” என்றார்.

“இல்லீங்க ஐயா, சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“மழை பேஞ்ச மக்கா நாள் வரோணுமுங்க. மண்ணு கரைஞ்சு அதுவா மேல வரும். இப்ப வந்தா கல்லும் முள்ளுந்தானுங்க.”

காயேக்கு டிம்பக்டுவில் இப்படிச் சொல்ல ஒருவர் வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தார்.

கொடுமணலில் என் மனத்தைக் கவர்ந்தவை மணிகள் அல்ல, பானை ஓடுகள்தாம். நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கண்ணன் ஆதன் என்று ஒருவன். சம்பன் சுமணன் என்று ஒருவன். ‘நிகம’ என்ற வணிகர் சங்கத்தின் பெயரும் ஓர் ஓட்டில் இருக்கிறது. இவர்கள் ராஜாக்கள் அல்லர். தன் சோற்றுப் பானை அடுத்தவன் வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று பெயர் எழுதிய சாதாரண மனிதர்கள். வடநாட்டுப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே தெருவில் குடியிருந்திருக்கின்றன.

கிழக்கே அறச்சலூர் மலைக் குகையில் இன்னொருவனைக் காணலாம். தாளச் சொற்கட்டுகளை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் பாறையில் வெட்டி, பக்கத்தில் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தேவன் சாத்தன் என்ற வண்ணக்கன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் நாணயத்தையும் சோதிப்பவன். பகலெல்லாம் காசைத் தட்டிப் பார்த்தவன் தாளத்தையும் தட்டிப் பார்த்திருக்கிறான். நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்துக்கு அப்பால் புகளூர் மலையில், துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் பெயர் இருக்கிறது. அங்கிருந்து கரூர் கூப்பிடு தூரம். நம் பெருவழியில் நமக்கு வேண்டிய மட்டும் இத்தோடு முடிகிறது.

வழியால் வாழ்ந்த ஊர் வழி மாறினால் மெலியும். போர்த்துக்கீசியர் கப்பலேறி ஆப்பிரிக்கக் கரையைச் சுற்றி வந்தபின் பாலைவன வியாபாரத்தில் ஒரு பங்கு கடலுக்குப் போயிற்று. 1591-இல் மொராக்கோப் படையும் வந்து அடித்தது. டிம்பக்டு ஒடுங்கியது. ரோமாபுரி வியாபாரம் தளர்ந்தபின் கொடுமணலும் ஆட்டு மந்தைக் காடாயிற்று. அது காலத்தின் கணக்கு. யாரையும் நோகப் பயனில்லை.

ஆனால் மிஞ்சியதைக் காப்பது மனிதன் கையில் இருக்கிறது. 2012-இல் ஆயுதம் தாங்கியவர்கள் டிம்பக்டுவைப் பிடித்துப் பழைய சமாதிகளை இடித்தபோது, ஊர்க்காரர்கள் கையெழுத்துப் பிரதிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, இரவோடு இரவாகக் கழுதையிலும் வண்டியிலும் நைஜர் ஓடங்களிலும் ஏற்றித் தலைநகரான பமாக்கோவுக்குக் கடத்திவிட்டார்கள். இடிந்த சமாதிகளையும் கொத்தனார்கள் பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். அவர்களுடைய ஆறு அவர்கள் புத்தகத்தைச் சுமந்தது.

நம் ஆறு எதைச் சுமந்தது? திருப்பூர்ப் பனியன் உலகமெல்லாம் போனது. கொடுமணல் மணி ரோமாபுரி போனதற்கு அது குறைந்த பெருமை அல்ல. வானம் பொய்த்த மண்ணில் கையை நம்பிப் பிழைக்கும் அதே கொங்குப் புத்திதான் இரண்டையும் செய்தது. ஆனால் இந்த முறை சாயக் கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-இல் கொடுமணலுக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் அந்தக் கழிவுதான் தேங்கியது. அணை கட்டினால் திறந்துவிடச் சொல்வது விவசாயியின் வழக்கம். இங்கே திறக்காதீர்கள் என்று விவசாயி கெஞ்சினான். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி ஏற்பாடு செய்யாத சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன்பின்தான் பலருக்கு ஆற்றின் நினைவே வந்தது.

கண்ணன் ஆதனும் சம்பன் சுமணனும் பல நூற்றாண்டுகள் இந்தக் கரையில் உலை வைத்தார்கள், கல் அறுத்தார்கள், பணம் பார்த்தார்கள். அவர்கள் விட்டுப்போன தண்ணீரை நம் பாட்டன்மார் அள்ளிக் குடிக்க முடிந்தது. ஒரத்துப்பாளையத்து வண்டலை நாளைக்கு ஒருவன் தோண்டினால், அவனுக்குக் கிடைக்கப்போவது நம் சாயம்.

நைஜரைப் பார்க்க வசதி உள்ளவர்கள், காலம் அமைதியானபின் போய்ப் பார்க்கட்டும். அதற்கு முன் ஒரு மழைக்கு மறுநாள், சென்னிமலை வரை பஸ்ஸில் போய், கொடுமணலுக்கு வழி கேளுங்கள். தண்ணீர் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். ஆற்றில் இறங்கிக் குடிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.