மணமும் குடியிருப்புரிமையும்: அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஓர் ஆய்வு

களவு, கற்பு என ஒழுக்கத்தை இருவகைப்படுத்திய தமிழ் இலக்கணம், கரணம் என்னும் மணச்சடங்கு தோன்றியமைக்கு ஒரு காரணமும் காட்டுகின்றது. கூடிய பின்னர் மறுத்துரைப்பாரும், உறுதி தவறுவாரும் உலகிற் காணப்பட்டமையால் சான்றோர் அச்சடங்கினை ஏற்படுத்தினர் என்பது தொல்காப்பியக் கற்பியலின் கருத்தாகும். இருவர்தம் உறவிற்குப் பிறர் அறியத்தக்க சான்று வேண்டப்பட்டது என்பதே இதன் பொருள். நாம் ஈண்டு ஆராயப் புகுவது தமிழர் மணமுறை அன்று. ஆயினும் மணத்திற்குச் சான்று யாது, அதனைக் கேட்டற்குரியார் யார், மணத்திற்கு முன் நேர்ந்த வழுவினை மணம் துடைக்குமா என்னும் வினாக்கள் இக்காலக் குடியேற்றச் சட்டங்களிலும் எழக் காண்கின்றோம். அவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஒரு நூற்றாண்டாக அளித்துவரும் விடைகளை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைவின்றி ஒரு நாட்டில் வாழ்பவர், அந்நாட்டுக் குடிமகள் ஒருத்தியையோ குடிமகன் ஒருவனையோ மணந்தால் போதும், குடியிருப்புரிமை தானே வந்தெய்தும் என்பது பொதுமக்கள் பலரின் எண்ணம். சட்ட வரலாறு இவ்வெண்ணத்திற்கு அரண் செய்யவில்லை. மணம் உரிமை கோருதற்கு அடிப்படையாகின்றது என்பது மெய்யே. ஆனால் அவ்வுரிமை கைகூடுமா என்பதனை உறுதி செய்வது, அவர் யாரை மணந்தார் என்பதினும், எவ்வழியே நாட்டினுள் வந்தார் என்பதேயாம். இதுவே நாம் நிறுவக் கருதும் முடிபு.

முதற்கண் பழைய நிலையை நோக்குவோம். 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண் மணத்தாலேயே குடியுரிமை எய்தினாள். குடியுரிமை பெறத் தகுதியுடைய இனத்தவள் என்று அந்நாளையச் சட்டம் கருதியவளுக்கே இது பொருந்தியது. மனைவியின் நிலை கணவனின் நிலையைப் பின்பற்றும் என்னும் கொள்கையே இதன் வேர். 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கொள்கையின் மறுபுறத்தைக் காட்டிற்று. அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிறப்புரிமையாகிய குடியுரிமையையே இழந்தாள். 1915-இல் உச்ச நீதிமன்றமும் அதனைச் செல்லும் என்றது. 1922-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் இவ்விரு விளைவுகளையும் பெரும்பாலும் அகற்றியது. மணத்தால் குடியுரிமை தானே வருதல் அவ்வாண்டோடு நின்றது. ஆயினும் குடியுரிமை பெறத் தகாதவர் எனக் கருதப்பட்ட ஆசிய இனத்தானை மணந்த பெண் தன் உரிமையை இழக்கும் நிலை பின்னும் சில ஆண்டுகள் நீடித்தது.

இங்ஙனம் மணத்தின் பழைய ஆற்றல் குன்றிய காலத்திலேயே, முறையின்றிக் குடியிருத்தல் என்னும் நிலை பெரிதாக உருவெடுத்தது. 1882 முதல் சீனர்க்குத் தடை இருந்ததேனும், ஐரோப்பியர் வருகைக்கு எண்ணிக்கை வரம்பு இருந்ததில்லை. 1921-ஆம் ஆண்டுச் சட்டமும் 1924-ஆம் ஆண்டுச் சட்டமும் நாடுதோறும் ஒதுக்கீடு வகுத்தன. விசாவின்றிப் புகுந்தவரை எத்துணை ஆண்டு கழியினும் நாடு கடத்தலாம் என்றும் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. குடிமகனின் மனைவி ஒதுக்கீட்டு எண்ணிக்கையினின்று விலக்குப் பெற்றாள். குடிமகளின் கணவனுக்கு அவ்விலக்கு முழுமையாகக் கிட்ட 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சீன மனைவியரோ, கணவர் குடிமக்களாயினும், உள்ளே வர இயலாதென 1925-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணம் ஒன்றே ஆயினும் அதன் பயன் இனத்திற்கும் பாலுக்கும் ஏற்ப வேறுபட்டதை இவை தெளிவுறுத்தும்.

நாட்டினுள் வேரூன்றிவிட்டோரை என் செய்வது? 1929-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், 1921 சூன் 3-ஆம் நாளுக்கு முன் வந்து தொடர்ந்து வாழ்ந்த நல்லொழுக்கமுடையார்க்கு முறையான பதிவு வழங்கிற்று. அதே மார்ச்சுத் திங்களில், முறையின்றிப் புகுதலைக் குற்றமாக்கிய பிறிதொரு சட்டமும் நிறைவேறியமை நோக்கத்தக்கது. 1935 முதல் முன்னாய்வு என்றொரு நடைமுறை வழக்கிற்கு வந்தது. முறையின்றி வாழ்ந்தவரின் தகுதியை அதிகாரிகள் உள்நாட்டிலேயே முன்னதாக ஆய்ந்து உறுதி கூறுவர். பின்னர் அவர் கனடா சென்று, ஆங்குள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் விசா பெற்று, எல்லையைக் கடந்து முறைப்படி மீள்வார். குடிமக்களை மணந்தோர் பலர் இதனாற் பயனெய்தினர். அவர் வாழ்வில் புதிதாக நிகழ்ந்தது ஒரு பயணமே. ஆனால் அப்பயணம் சட்டம் வேண்டிய முறையான நுழைவு ஒன்றினைத் தோற்றுவித்தது. 1945-இல் கனடா, மெக்சிகோ, அண்டைத் தீவுகள் ஆகியவற்றின் குடிமக்கள் இந்நடைமுறையினின்று விலக்கப்பட்டனர். எனவே ஐரோப்பியர் பெற்ற இவ்வழி மெக்சிகோ மக்களுக்கு அடைபட்டது.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு, நாட்டை விட்டு நீங்காமலே நிலைத்த குடியிருப்புரிமை பெற வகை செய்தது. 1960-இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை விரிவாக்கியது. எல்லை அதிகாரியின் ஆய்வுக்குட்பட்டு ஏற்கப்பட்டவர்க்கோ, தனி இசைவால் உள்ளே விடப்பட்டவர்க்கோ அப்பிரிவு உதவும். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களின் வாழ்க்கைத் துணைவரை எண்ணிக்கை வரம்பிற்கு முற்றிலும் புறத்தே வைத்தது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரே தெருவில் இருவர் வாழ்கின்றனர். இருவரும் குடிமக்களை மணந்தவர். இருவர்க்கும் இசைவு இல்லை. ஒருவர் சுற்றுலா விசாவில் வந்து, காலம் கடந்த பின்னும் தங்கியவர்; மற்றவர் பாலை நிலத்து எல்லையை இரவில் நடந்து கடந்தவர். முன்னவர், வேறு தடை இல்லையேல், உள்நாட்டிலிருந்தே உரிமை பெறலாம். பின்னவர்க்குப் பொதுவிதிப்படி அவ்வழி இல்லை. அவர்தம் மணத்தின் மெய்ம்மையில் வேறுபாடில்லை. நுழைவில் மட்டுமே வேறுபாடு உண்டு.

இனி, மணத்தின் மெய்ம்மை பற்றிய ஐயத்தைக் காண்போம். 1945 திசம்பரில் இயற்றப்பட்ட போர் மணமகளிர் சட்டம், படைவீரரின் துணைவர்க்கு வருகையை எளிதாக்கியது. அதனைப் பயன்படுத்திப் பாரிசு நகரில் பெயரளவில் மணம் முடித்து அகதிகளை அழைத்து வந்த வழக்கு ஒன்றில், 1953-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. சடங்கு முறையாக நிகழ்ந்திருப்பினும், இணைந்து வாழும் எண்ணமின்றிச் செய்யப்பட்ட மணத்தைக் காட்டி நாட்டினுள் புகுதல் வஞ்சனை என்பதே அத்தீர்ப்பின் கருத்து. 1986-இல் மணமோசடித் திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி, உரிமை பெறும்போது மணமாகி ஈராண்டு நிரம்பாதவர் முதலில் ஈராண்டிற்கு வரையறைக்குட்பட்ட உரிமையே பெறுவர். அக்காலம் முடியும் முன் இருவரும் கூடி மனுச் செய்து, இல்லறம் மெய்யெனக் காட்டல் வேண்டும். இத்தகைய மணங்களுள் நூற்றுக்கு 30 பொய்யானவை என்று குடியேற்றத் துறை அந்நாளில் மன்றத்தில் உரைத்தது. அவ்வெண்ணின் அடிப்படை பிழையுடைத்து என்பது பின்னர் வெளிப்பட்டது. மேலும், கூட்டு மனு என்னும் விதி, கொடுமைக்கு ஆளான துணைவரைக் கொடுமை செய்வாரின் கையொப்பத்திற்கு அடிமைப்படுத்திற்று. இக்குறையை நோக்கி 1990-இல் விதிவிலக்கும், 1994-இல் தாமே மனுச் செய்யும் உரிமையும் அளிக்கப்பட்டன.

முறையின்றிப் புகுந்தோர்க்கும் 1994-இல் ஒரு வழி திறந்தது. தண்டக்கட்டணம் செலுத்தி உள்நாட்டிலேயே உரிமை பெறலாம் என்றது 245-ஆம் பிரிவின் புதிய உட்பிரிவு. பின்னர் அக்கட்டணம் 1,000 டாலராயிற்று. 2001 ஏப்பிரல் 30-ஆம் நாளுக்குள் மனுவிடப்பட்டவர்க்கே அது பயன்படும் என வரம்பும் கட்டப்பட்டது. இதற்கிடையே 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கடுஞ்சிக்கலை உண்டாக்கியது. 180 நாளுக்கு மேல் ஓராண்டிற்குட்பட்டு இசைவின்றி வாழ்ந்து வெளியேறியவர் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்து வெளியேறியவர் 10 ஆண்டும் மீளலாகாது. எல்லை கடந்து வந்த துணைவர் விசா பெற வெளியே செல்ல வேண்டும். வெளியே சென்ற அப்பொழுதே தடை அவரைப் பற்றும். உரிமை தேடிச் செல்லும் பயணமே உரிமையைத் தடுப்பதாயிற்று. 1935-இல் கனடாப் பயணம் மருந்தாயிருந்ததையும், 1996-க்குப் பின் பயணமே நோயானதையும் ஒப்பிட்டுக் காண்க. குடிமகனாகிய துணைவர்க்குப் பெருந்துன்பம் நேரும் எனக் காட்டினால் தடை நீக்கப்படலாம். அத்தடைநீக்கத்தை நாட்டிலிருந்தே முன்னதாகப் பெறும் வாய்ப்பு 2013 மார்ச்சில் வந்தது.

2024-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இரண்டு நம் முடிபிற்கு மேலும் அரண் செய்கின்றன. பத்தாண்டு வாழ்ந்த துணைவர்க்கு உள்நாட்டிலேயே தனி இசைவு வழங்கும் திட்டம் சூன் 18-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து இலக்கம் பேர் பயனெய்துவர் என அரசு மதிப்பிட்டது. ஆகத்து 19-இல் மனுக்கள் ஏற்கப்பட்டன. ஒரு கிழமைக்குள் நீதிமன்றம் இடைத்தடை விதித்தது. நவம்பர் 7-இல் டெக்சாசு மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் திட்டத்தையே நீக்கியது. மற்றொன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எல் சால்வடோர் நாட்டினர் ஒருவர் 2010-இல் குடிமகள் ஒருத்தியை மணந்தார்; விசாவிற்காகத் தம் தாயகம் சென்றார்; 2015-இல் விசா மறுக்கப்பட்டார். அயல்நாட்டுக் கணவனை நாட்டினுள் ஏற்கச் செய்யும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை எனச் சூன் 21-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நீதிபதியர் மூவர் மாறுபட்டனர்.

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது யாது? பொய் மணத்தைத் தடுக்கச் சான்று கேட்டல் எவ்வரசிற்கும் உரியது. கரணம் வகுத்த நம் முன்னோரும் சான்றின் தேவையை உணர்ந்தவரே. ஆனால் மணம் மெய்யென்று ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட பின்னரும், பல்லாண்டு முன் கடந்த ஓர் எல்லையே கணவனையும் மனைவியையும் பிரிக்க வல்லதாக இருக்கின்றது. களவில் தொடங்கிய உறவு கரணத்தால் கற்பாகும் என்று தமிழ் இலக்கணம் கொண்டது. தொடக்கத்தின் மறைவு பின்னை இல்லறத்திற்கு இழுக்காகவில்லை. அமெரிக்கச் சட்டமோ இல்லறத்தை மதித்துக்கொண்டே தொடக்கத்தை மறவாது நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு வாழும் குடும்பங்களின் துன்பம் பதிவேடுகளில் எண்களாகவே காணப்படும். அவ்வெண்களின் பின்னுள்ள வாழ்வினையும் எடுத்துரைத்தல் வரலாறு எழுதுவோரின் கடமை என்பது நம் துணிபு.