குழலும் கையும்

மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் கோவளத்தைப் பார்த்திருப்பார்கள். 1752-ல் அங்கிருந்த கோட்டையைப் பிடிக்கக் கிளைவ் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் 500 சிப்பாய்கள், புதிதாகச் சேர்ந்த 200 வெள்ளையர்கள். கோட்டைக் குண்டுக்கு ஒருவன் பலியானதும் வெள்ளையர்கள் எடுத்தார்கள் ஓட்டம்! பீரங்கிச் சத்தம் கேட்ட காவலன் ஒருவன் பிறகு கிணற்றுக்குள் அகப்பட்டான்.

அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? அக்காலத்துத் துப்பாக்கியும் நம்பத் தகுந்ததல்ல. குழல் முக்கால் அங்குலம். குண்டோ அதைவிடச் சிறியது. உள்ளே இடித்து மோதி வெளிவரும் குண்டு எங்கே போகுமென்று யார் கண்டது? இன்று குறி சுடும் கைத்துப்பாக்கிக்குக் குழலின் உட்புறம் திருகுவரி வெட்டுகிறார்கள். குண்டு இறுகப் பொருந்தி, சுழன்று, நேரே போகிறது.

கிளைவோ அபாயத்தின் முன்னே தாமே போய் நின்றார். ஓடியவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பினார்கள். கோவளம் வீழ்ந்தது, செங்கல்பட்டும் வீழ்ந்தது.

பட்டறையில் குழலைத் திருத்தலாம். நடுங்கும் கையைத் திருத்தும் பட்டறை எங்கே இருக்கிறது?