சல்பியூட்டமால்

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) ஆகியவற்றில் திடீரென வரும் மூச்சிரைப்பைத் தணிக்கும் மருந்து சல்பியூட்டமால். அமெரிக்காவில் அல்பியூட்டரால் எனப்படும். வென்டோலின், ஆஸ்தாலின் என்பவை இதன் வணிகப் பெயர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது.

இதற்கு முன் பரவலாகப் புழங்கிய ஐசோபிரினலின் மூச்சுக்குழாயை விரித்தது. கூடவே இதயத்தையும் முடுக்கியது. 1960களில் பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்கள் கூடியபோது, அதன் வீரியம் மிகுந்த இன்ஹேலர் மீது சந்தேகம் விழுந்தது. அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்தின் வேர் நகரில், ஆலன் அண்ட் ஹன்பரீஸ் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு பழைய மூலக்கூறை மாற்றியமைத்து 1966இல் சல்பியூட்டமாலை உருவாக்கியது. 1969இல் விற்பனைக்கு வந்தது. மூச்சுக்குழாய் மென்தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளையே இது பெரிதும் தூண்டும். இதயத்தில் மிகுந்துள்ள பீட்டா-1 ஏற்பிகளை அவ்வளவாகத் தொடாது. உடலின் நொதி எளிதில் சிதைக்க முடியாததால் கூடுதல் நேரம் நிற்கும்.

இன்ஹேலரின் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். சில நிமிடங்களில் இளைப்பு அடங்கும். பலன் நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்கும். மாத்திரையோ 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது ஒரு பஃப்பைப் போல் இருபது, நாற்பது மடங்கு. அத்தனையும் ரத்தத்தின் வழி சுற்றி வருவதால் கைநடுக்கமும் படபடப்பும் அதிகம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து மாத்திரையைக் கேட்டு வாங்குவது தலைகீழான கணக்கு. இன்ஹேலரை அழுத்தும்போதே மெதுவாக ஆழ இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். இல்லையேல் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். குழந்தைகளுக்கு, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் தேவை. அதிக அளவில் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்.

இம்மருந்தின் வேகமே இதன் ஆபத்தும்கூட. இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர, ஆஸ்துமாவுக்கு அடிப்படையான அழற்சியைத் தணிக்காது. மூச்சு உடனே சீராவதால், தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பலர் கைவிடுகிறார்கள். ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இன்ஹேலர்கள் தீர்ந்தால் கடுமையான தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. உலக ஆஸ்துமா அமைப்பான ஜினா, வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் ஸ்டீராய்டு இல்லாமல் இதை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று 2019இல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. ஃபார்மோட்டெரால் என்ற மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்துடன் குறைந்த அளவு ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலரையே அது முன்வைக்கிறது. சி.ஓ.பி.டி.யில் தினசரிச் சிகிச்சை டையோட்ரோப்பியம் போன்ற நீண்டநேர மருந்துகளால் நடக்கிறது. இடையில் மூச்சு முட்டும்போது மட்டும் சல்பியூட்டமால்.