வெக்கை நோயும் வேப்பேரிக் கல்லூரியும்

கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மாட்டு நோய்களுக்குப் பெயர்கள் வழங்கின. கோமாரி, அடைப்பான், சப்பை நோய், வெக்கை எனக் குடியானவர்கள் பிரித்தறிந்த சொற்களையே இன்றைய பாடநூல்களும் கையாள்கின்றன. இவற்றுள் பெரிதும் அஞ்சப்பட்டது வெக்கை. கடுங்காய்ச்சலில் தொடங்கி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, ஈறுகளிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு தூவினாற்போலப் புண் படர்ந்து, நாற்றமெடுத்த கழிச்சல் கண்டு, மாடு சில நாட்களிலேயே மடிந்துவிடும்.

ஆங்கிலேய அரசின் அக்கறையோ முதலில் படைக் குதிரைகளின் மீதுதான் இருந்தது. 1868இல் மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் அமைக்கப்பட்டு, ஹாலன் தலைமையில் அது 1871இல் அறிக்கை அளித்த பின்னரே உழவு மாடும் ஆட்சியாளர் கணக்கில் ஏறியது எனலாம். லாகூரில் 1882இலும் பம்பாயில் 1886இலும் கால்நடை மருத்துவத்திற்கெனப் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. சென்னை 1903 அக்டோபர் 1 வரை காத்திருந்து, வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் தன் கல்லூரியைத் தொடங்கியது.

படித்து வெளியேறியவர்கள் தம் பெயருக்குப் பின்னால் ஜி.எம்.வி.சி. என்று எழுதிக்கொண்டனர். அது சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பட்டதாரி என்று பொருள்படும் சுருக்கம். பெயரில் பட்டதாரி என்று இருந்தாலும் அது கல்லூரி அளவிலான தகுதியே அன்றிப் பல்கலைக்கழகப் பட்டம் அன்று. அக்குறை 1936இல் நீங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, கால்நடை மருத்துவ இளங்கலைப் பட்டமான பி.வி.எஸ்சி.யை வழங்கிய இந்தியாவின் முதல் கல்லூரி என்ற இடத்தை வேப்பேரி பெற்றது. எனினும் 33 ஆண்டுக் காத்திருப்பு சிறிதன்று.

அதற்குள் வெக்கைக்கு எதிரான அறிவும் வளர்ந்திருந்தது. நோய் தாங்கிப் பிழைத்த மாட்டின் குருதியிலிருந்து பிரித்த ஊனீரையும் நோய்க்கிருமி நிறைந்த குருதியையும் ஒருங்கே செலுத்தும் முறை முன்னர் வழக்கில் இருந்தது. காப்பும் கேடும் ஒரே வேளையில் உடலில் ஏறும் இம்முறை ஆபத்து நிறைந்தது. 1920களில் இமயமலையடுத்த முக்தேசுவர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்னும் ஆய்வாளர், வெக்கை நச்சுயிரியை வெள்ளாடுகளில் மீண்டும் மீண்டும் செலுத்தி, மாட்டிற்கு அதன் வீரியம் குறையச் செய்தார். இதிலிருந்தே ஆட்டுத் திசுத் தடுப்பூசி பிறந்தது. 1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, ஊர் ஊராகச் சென்று ஊசி போடும் பணி கால்நடை மருத்துவர்களின் தோள்மேல் விழுந்தது.

கல்லூரி 1976இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சென்றது. 1989இல் கால்நடை மருத்துவத்திற்கெனவே தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. இந்தியாவில் வெக்கை கடைசியாக 1995இல் காணப்பட்டது. உலகிலிருந்தே அது ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டதால், இன்றைய மாணவர் ஈறுகளில் படரும் அந்தத் தவிட்டுப் புண்ணைப் புத்தகப் படத்தில் மட்டுமே காண்கின்றார்.